மாசுணம் மனைபுகுந்த வரலாறு

சென்ற பள்ளி விடுமுறையில், பண்டமாரானில் குடியிருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு நிழற்படத்தைக் காட்டினார். கருமையும் பொன்மையும் கலந்த சிறு மலைப்பாம்பு ஒன்று, தலையை நடுவில் மறைத்துப் பந்துபோற் சுருண்டு கிடந்தது. “வீட்டில் வளர்க்கிறேன், ஐயா, உரிமம் எடுத்திருக்கிறேன். படம் எப்படி இருக்கிறது?” என்று வினவினார். அவருடைய தந்தையார் தோட்டத்திற் பால்வெட்டியவர். மலைப்பாம்பு கோழிக்கூண்டிற் புகுந்தது என்றால் லயத்து ஆடவர் அனைவரும் தடியெடுத்து ஓடிய காலம் அது. தந்தை தடியோங்கிய உயிரை மகன் மடியில் வைத்துப் படமெடுக்கிறார். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மலைப்பாம்பைப் பண்டைத் தமிழர் மாசுணம் என்றனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், வழிச்செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கும். ஆங்கு, விழுந்து கிடக்கும் மரம்போல் மாசுணம் கிடக்கும், அதனை விலகிச் செல்க என்பது ஓர் அறிவுரை. அடித்துக் கொல் என்றோ, அஞ்சித் திரும்பு என்றோ புலவர் பெருங்கௌசிகனார் கூறவில்லை. காட்டில் அதற்கு ஓர் இடம் உண்டு. வழிப்போக்கன் ஒதுங்கிச் செல்லுதல் முறை என்பதே அவர் கருத்தாகும்.

பாம்பைப் போற்றி ஓரிடத்தில் வைத்துக் காத்த வழக்கமும் உலகில் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் உவீடா என்னும் ஊரில் மலைப்பாம்புக் கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே போற்றப்படுபவை, என் மாணவர் வளர்க்கும் அதே இனப் பாம்புகளே. நம் நாட்டிற் பினாங்கு பாம்புக் கோயிலை அறியாதார் இலர். அக்கோயிலில் வாழ்பவை மலைப்பாம்புகள் அல்ல. நஞ்சுடைய விரியன் வகையைச் சார்ந்த பச்சைப் பாம்புகள். பாம்போடு நின்று படமெடுத்துக் கொள்ளும் ஆசை நம்மவரிற் பலருக்கு முதன்முதல் நிறைவேறிய இடம் அதுவே எனலாம்.

நிழற்படக் கருவி தோன்றுமுன் ஓவியரே பாம்பின் உருவைப் பதிவு செய்தனர். கிழக்கிந்தியக் கும்பெனியின் இயற்கை நூல் வல்லுநராக இருந்த பாட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையிற் கிடைத்த பாம்புகளைப் படங்களோடு விளக்கி 1796-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். பாம்புகளுக்கு உள்ளூர் மக்கள் வழங்கிய பெயர்களையும் அவர் குறித்து வைத்தார். மலாக்காவில் 1803 முதல் 1818 வரை அதிகாரம் செலுத்திய வில்லியம் பார்க்குவார், சீன ஓவியர்களைக் கொண்டு இந்நாட்டு விலங்கு, பறவை, செடிகொடிகளை வரைவித்தார். அவ்வோவியங்கள் 477 இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன.

ஆல்பிரெட் ரசல் வாலஸ் 1869-இல் வெளியிட்ட மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய நூலில் வேறொரு வகைப் படம் உண்டு. அம்போய்னாத் தீவில் அவர் தங்கிய குடிசையின் கூரையில், படுக்கைக்கு நேர் மேலே, பன்னிரண்டடி மலைப்பாம்பு ஒன்று சுருண்டிருந்தது. அதனை ஆமையோடு என்று முதலில் எண்ணினார் அவர். இரவெல்லாம் அதன் கீழே உறங்கியதைப் பிறகே உணர்ந்தார். புரு தீவினர் ஒருவர் பிரம்பினாற் சுருக்கிட்டு அதனை வெளியே இழுத்தார். அழையா விருந்தினனை வெளியேற்றும் அக்காட்சியே நூலிற் படமாயிற்று. அந்நாளில் மலைப்பாம்பு வீட்டிற்குள் வந்தது தானாக. நாமாக அதனை அழைத்து வந்தது பின்னை வரலாறு.

நம் தோட்டங்களில் வாழும் மலைப்பாம்பை மலாய்க்காரர் ‘உலார் சாவா’ என்பர். அது இருபது அடிக்கு மேலும் வளரவல்லது. செம்பனைக் காட்டில் எலிகளைத் தின்று நமக்கு உதவுவது. மாணவர் வளர்ப்பதோ செனகல் முதல் உகாண்டா வரை வாழும் சிற்றினம். மூன்று முதல் ஐந்தடி நீளமே உடையது. ஜார்ஜ் ஷா என்னும் ஆங்கிலேயர் 1802-இல் அதற்கு ‘அரசற்குரியது’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். அஞ்சுங்கால் பந்தாகச் சுருள்வதால் பந்து மலைப்பாம்பு என்று வணிகர் அழைத்தனர். அஞ்சிச் சுருண்ட நிலையைத்தான் நாம் அழகிய கோலம் என்று படமெடுக்கிறோம் என்பது சிந்திக்கத்தக்கது.

டோகோ, பெனின், கானா ஆகிய நாடுகளிலிருந்து இப்பாம்புகள் பெருந்தொகையாக ஏற்றுமதியாயின. 1992-இல் அமெரிக்காவில் வெண்மையும் மஞ்சளுமான குஞ்சுகள் திட்டமிட்டுப் பொரிக்கப்பட்டன. அன்றுமுதல் புதுப்புது நிறம் தேடும் வேட்கை வளர்ந்தது. அவற்றுள் ‘சிலந்தி’ எனப் பெயர் பெற்ற நிறவகை, தலை நடுங்கும் நரம்புக் குறையோடு பிறக்கிறது. படத்தில் நிறம் தெரியும், நடுக்கம் தெரியாது.

வளர்த்தவர் சலித்தால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலமே சான்று. வளர்ப்புப் பொருளாக இறக்குமதியான பர்மிய மலைப்பாம்புகள், கைவிடப்பட்டும் தப்பியும் அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்திற் பெருகின. 2012-இல் வெளியான ஆய்வொன்று, பாம்புகள் நெடுநாள் வாழ்ந்த பகுதிகளில் ரக்கூன் என்னும் விலங்கைக் காண்பது 99.3 விழுக்காடு குறைந்துவிட்டதாகக் கூறிற்று. பொறிகளும் கருவிகளும் பயன்படாத நிலையில், 2017 சனவரியில் அந்நாட்டார் அழைத்தது யாரை? தமிழ்நாட்டு இருளர் இருவரை!

மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் அவ்விருவரும் இரு வாரம் நிறைவதற்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினர். அவற்றுள் ஒன்று பதினாறடிப் பெண் பாம்பு. மணலிற் கிடந்த தடத்தையும் புல் சாய்ந்த திசையையும் கொண்டு அவர்கள் பாம்பிருக்கும் இடத்தை அறிந்தனர். 2023-இல் இந்திய அரசு அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இருளர் வரலாறு துயரமும் உடையது. ஒரு காலத்தில் தோல் வணிகருக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த மக்கள் அவர்கள். 1972-இல் வந்த இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னர் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புகளைக் காத்தன. இருளரின் பிழைப்பை முடக்கின. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் துணைநிற்க, 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அவர்கள் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து மருந்துக்கு அளிப்பர். பின் அப்பாம்புகளைக் காட்டிலேயே விட்டுவிடுவர். பாம்பைப் பற்றி அவர்களைவிட மிக அறிந்தார் அரியர். அவர்களோ அதனை வைத்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்புகின்றனர்.

இனி என் மாணவர்க்குக் கூறிய விடையைச் சொல்லி முடிக்கிறேன். அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. தடியெடுத்த தலைமுறைக்கு அவருடைய பரிவு ஒரு முன்னேற்றமே. ஆயினும் சிலவற்றை எடுத்துரைத்தேன். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் பெற்றது நன்று; அதனைத் தவறாது புதுப்பிக்க வேண்டும். பாம்புக்கு இமை இல்லை. மின்னொளி பாய்ந்தால் அது கண்மூடிக் கொள்ள இயலாது. ஆதலின் சன்னல் வெளிச்சத்திற் படமெடுப்பது முறை. தோலுரிக்குமுன் கண் பால்போல் மங்கும். அப்பொழுதும் இரை உண்ட இரண்டொரு நாளிலும் தொடலாகாது. யாவற்றினும் பெரிது ஒன்று. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச் சாலைக்கு 1961-இல் வந்த இவ்வினப் பாம்பு ஒன்று, அறுபது வயதைக் கடந்து 2020-இல் முட்டையிட்டது. “உனக்கு இப்பொழுது இருபத்தாறு வயது. உன் தலை நரைக்கும் வரையில் இதற்கு இரை தேடித் தர உனக்கு மனம் உண்டா?” என்று கேட்டேன். அவர் உடனே விடை கூறவில்லை.

மறுவாரம் வந்து, “ஐயா, இன்னொன்று வாங்க நினைத்திருந்தேன், விட்டுவிட்டேன். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு உலார் சாவாவைப் பற்றிப் படம் காட்டட்டுமா?” என்றார். செம்பனைக் காட்டோரத்திலிருந்து வரும் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் இன்றும் உண்டு. மலைப்பாம்பைக் கண்டால் விலகி நில்லுங்கள், பெரியவரிடம் சொல்லுங்கள், தீயணைப்புத் துறையையோ பொதுத் தற்காப்புப் படையையோ அழையுங்கள் என்று அவர் படத்தோடு விளக்குவார். மலைபடுகடாத்திற் கூத்தர்க்குக் கிடைத்த அறிவுரை நம் பிள்ளைகட்கும் கிடைக்கட்டும் என்று இசைந்தேன். தமிழாசிரியர்களும் அப்பாடலை நடத்தும்போது மாசுணம் என்னும் சொல்லுக்கு ‘ஒருவகைப் பாம்பு’ என்று பொருளெழுதிக் கடந்துவிடாமல், அப்பாம்பின் கதையையும் சிறிது சொல்வார்களாக.