எண்கள் நுழையும் வாசல்

மலருக்கு ஏதாவது எழுதிக் குடுங்க என்று சங்கத்தில் கேட்டார்கள். ஹாஸ்டல் கதைகளை மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்குத் தினமும் சோறு போடும் விஷயத்தை நான் எழுதுகிறேன். நாம் கொடுக்கும் எண்கள் கம்ப்யூட்டருக்குள் எப்படி 'அரே' ஆகின்றன என்பதுதான் அது. அரே என்றால் ஒரே வகை எண்கள் அடுத்தடுத்து நிற்கும் வரிசை. அதுல என்னய்யா வரலாறு என்பீர்கள். இருக்கு.

1957-ல் ஐ.பி.எம். 704 கம்ப்யூட்டருக்காக ஜான் பாக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டார்கள். அரேயின் அளவை 'டைமென்ஷன்' வரியில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எண்களோ 80 கட்டம் கொண்ட அட்டையில் துளைகளாக வரும். எந்தக் கட்டத்திலிருந்து எதுவரை ஒரு எண் என்பதை 'ஃபார்மட்' வரி சொல்லும். இதில் ஒரு விபரீதம். காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்வது அன்றைய வழக்கம். 12 என்பதை ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளித் துளைத்துவிட்டால் உள்ளே போவது 120! பாலத்தின் மேல் வரும் லோடு பத்து மடங்காகிவிடும். மெஷின் முணுமுணுக்காது; விடை மட்டும் பளிச்சென்று அச்சாகி வரும்.

வாசலில் மெஷின் தானாக ஊகிக்கலாமா, கூடாதா? அட்டைகள் போன பிறகும் இந்தக் கேள்வி போகவில்லை.

பைத்தான் மொழிக்கு 1995-ல் 'நியூமரிக்' என்ற அரே தொகுப்பை எழுதியவர் ஜிம் ஹுகுனின். அப்போது அவர் அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர். (ஜூனியர்கள் கவனிக்க: மாணவர்!) பிறகு பால்டிமோரில், ஹபிள் தொலைநோக்கியின் படங்களைக் கையாளும் விண்வெளித் தொலைநோக்கி நிறுவனத்தார் 'நம்அரே' என்று இன்னொன்று செய்தார்கள். பெரிய படங்களுக்கு அது வேகம். சின்னச் சின்ன அரேக்களுக்குப் பழசுதான் வேகம். ஊர் இரண்டுபட்டது. இந்தப் பக்கத்து அரேயை அந்தப் பக்கம் கொடுக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த டிராவிஸ் ஆலிஃபண்ட் 2005-ல் இரண்டையும் ஒன்றாக்க உட்கார்ந்தார். 2006 அக்டோபரில் 'நம்பை' 1.0 வந்தது. ('நம் பை' என்று பிரித்துப் படித்தாலும் பாதகமில்லை.)

அதன் வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். 'அரே' என்ற கட்டளை, எதைக் கொடுத்தாலும் வழக்கமாகப் புதுப் பிரதி எடுக்கும். 'அஸ்அரே' அப்படியில்லை. லிஸ்டைக் கொடுத்தால் மாற்றித் தரும்; ஏற்கனவே அரே என்றால் அதையே திருப்பித் தரும். கோடிக்கணக்கான எண்கள் இருக்கும்போது இது பெரிய மிச்சம். ஆனால் ஜாக்கிரதை, அதில் ஒரு எண்ணை மாற்றினால் கொடுத்தவருடைய எண்ணும் மாறிப்போகும்.

ஊகிக்கும் பழக்கம் இங்கேயும் உண்டு. முழு எண்ணும் தசமமும் கலந்து வந்தால் எல்லாம் தசமம். அது நியாயம்தான். நடுவில் 'என்.ஏ.' என்று ஒரே ஒரு சொல் வந்துவிட்டால் அத்தனை எண்ணும் எழுத்தாகிவிடும். சராசரி கேட்கும்போதுதான் குட்டு உடையும். இதைவிட மோசம், ஒரு வரியில் மூன்று எண், அடுத்த வரியில் இரண்டு என்று கோணலாக வந்தாலும் பல வருஷம் சத்தமில்லாமல் மூட்டை கட்டி வாங்கிக்கொண்டது. 2020-ல் எச்சரிக்கை கொடுத்தார்கள். 2022 டிசம்பரில், 1.24 பதிப்பில், பிழை என்று சொல்லி நிறுத்தியே விட்டார்கள். அதை நம்பியிருந்த பழைய புரோகிராம்கள் நின்றன. என்னைக் கேட்டால் இன்னும் முன்னாடியே செய்திருக்கணும். 2024 ஜூனில் வந்த 2.0 இன்னும் கறார். 'பிரதி வேண்டாம்' என்று 'அரே'யிடம் சொன்னால், முன்பெல்லாம் தேவைப்பட்டபோது சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துவிடும். இப்போது முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறது.

லேபில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, ஃபைலைப் படித்து அரே ஆக்கியதும் 'ஷேப்', 'டிடைப்' இரண்டையும் அச்சிட்டுப் பாருங்கள். 'யூ32' மாதிரி ஏதாவது வந்தால் எண்களுக்கு நடுவே எங்கேயோ ஒரு எழுத்து உட்கார்ந்திருக்கிறது. கணக்கைத் தொடங்கும் முன்பே அதைத் தேடிப் பிடியுங்கள்.