திண்ணைக்கு மேலே ஒரு மரக்கூரை

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் பழைய வீடொன்றைப் பிரித்தால், திண்ணைக்கு மேலிருந்த உத்திரமும் பலகைகளும் பழைய மரம் வாங்குபவரின் வண்டியில் ஏறிவிடுகின்றன. அவ்விடத்தில் கான்கிரீட் வந்த பின், வெப்பம் தாங்காமல், அதனடியில் மீண்டும் மரப்பலகை அடிக்க ஆசாரியைத் தேடுகிறோம். திண்ணைக் கூரைக்கு நம் மார்க்க வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மதீனாவில் எழுந்த மஸ்ஜிதுந் நபவியின் தூண்கள் பேரீச்ச மரத் தண்டுகள். கூரை அதன் மட்டைகள். மழை பெய்தால் ஒழுகும். ரமளானின் ஓர் இரவில் அவ்வாறு ஒழுகியபோது நபி (ஸல்) அவர்கள் ஈர மண்ணிலேயே ஸஜ்தா செய்ததையும், அவர்களின் நெற்றியில் சேறு படிந்திருந்ததையும் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியில் உள்ள ஹதீஸ் அது.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் கிப்லா கஅபாவை நோக்கி மாறியது. வடபுறம், பழைய கிப்லாச் சுவரையொட்டிய நிழற்பகுதி கூரையோடு விடப்பட்டது. அதுவே ஸுஃப்பா. வீடும் சுற்றமும் இன்றி வந்தவர்கள் அங்கே தங்கினர். அபூஹுரைரா (ரலி) அவர்களும் அவர்களுள் ஒருவர். தமிழில் அவர்களைத் திண்ணைத் தோழர்கள் என்கிறோம். பொருத்தமான பெயர்தான். நம் ஊர்த் திண்ணையும் வழிப்போக்கர் இளைப்பாறவே வாசற்கதவுக்கு வெளியே கட்டப்பட்டது. இன்று அதை இரும்புக் கிராதி போட்டு அடைத்துவிட்டு, உள்ளே விலையுயர்ந்த மரக்கூரை அமைப்பது யாருக்காக என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உமர் (ரலி) அவர்கள் பள்ளியைப் புதுப்பித்தபோது, மக்களை மழையிலிருந்து காக்குமாறு பணித்தார்கள். சிவப்பும் மஞ்சளும் பூசித் தொழுவோரின் கவனத்தைச் சிதறடிக்க வேண்டாம் என்றும் எச்சரித்தார்கள். ஹிஜ்ரி 29இல் உஸ்மான் (ரலி) அவர்கள் செதுக்கிய கல்லால் சுவரும் தூணும் எழுப்பி, கூரையைத் தேக்கால் அமைத்தார்கள். அரபியில் ‘ஸாஜ்’ எனப்படும் அம்மரம் அரபு மண்ணில் விளைவதன்று. இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றது.

நம் பக்கத்துத் தச்சுக்கும் பெருமை உண்டு. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. முன்னோர் மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைச் சாய்த்து நிறுத்தி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்த சுண்ணாம்பால் பிணைத்து, ஜல்லிக் கலவையை அடித்து இறுக்கினார்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது இதுவே. பின்னர் அரியலூரின் சுண்ணாம்புக்கல் சிமெண்டாக மாறியது. 1979இல் அரசு ஆலையே அங்கு வந்தது. சிமெண்டு மலிந்த இடத்தில் மரக்கூரைக்கு ஏது மதிப்பு!

இப்போது பலகை அடிப்பவர்கள் கான்கிரீட்டோடு ஒட்டி அடித்துவிடக் கூடாது. இடையே சட்டம் கொடுத்துக் காற்றுப் போக வழி விட வேண்டும். இல்லையேல் ஈரம் தங்கிக் கறையான் ஏறும். மழைக்காலத்தில் மரம் உப்பும். ஆதலால் சுவரோரம் சிறு இடைவெளியும் தேவை. புது மரம் வாங்குமுன், பிரித்த உத்திரத்தை ஆசாரியிடம் காட்டுங்கள். உளுக்காத தேக்காயின் அதையே அறுத்து அந்தத் திண்ணைக்குப் பலகையாக்கலாம்.