முழங்கால் காயத்துக்கு இடுப்பில் தேடிய காரணம்

குதித்துத் தரையிறங்கும்போது முழங்கால் ஜவ்வு கிழிவதில் இடுப்புத் தசைகளுக்கும் பங்கு உண்டு என்ற கருத்து விளையாட்டு மருத்துவத்துக்குத் தாமதமாகவே வந்தது. அதற்கான துப்பு 1895லேயே கிடைத்திருந்தது. ஒற்றைக் காலில் நிற்பவரின் இடுப்பு மறுபக்கம் சரிந்தால், ஊன்றிய காலின் பக்கவாட்டுப் பிட்டத் தசை தளர்ந்திருக்கிறது என்று அந்த ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஃப்ரீட்ரிஷ் ட்ரெண்டலன்பர்க் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன், ஒரு சுரங்கத் தொழிலாளியின் முழங்காலுக்குள் அறுந்துபோன சிலுவை ஜவ்வுகளைத் தைத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஏறத்தாழ நூறாண்டு பிடித்தது.

சேர்த்துப் பார்க்க வைத்தவர்கள் பெண் விளையாட்டு வீரர்கள். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, அமெரிக்கக் கல்லூரி அணிகளில் பெண்கள் பெருகினர். கூடைப்பந்தில் அவர்களின் முன் சிலுவை ஜவ்வு கிழியும் விகிதம் ஆண்களைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு என 1995இல் வெளியான கணக்கு காட்டியது. யாரும் மோதாமலே நேர்ந்த காயங்கள் அவற்றில் மிகுதி. எலும்பின் அமைப்பு, அகன்ற இடுப்பு, ஹார்மோன் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. இவற்றில் எதையும் பயிற்சியால் மாற்ற முடியாது. ஆடுகளத்தில் நிற்பவருக்கு இவற்றால் பயனும் இல்லை.

பயிற்சியால் மாற்றக்கூடிய ஒன்றைக் காட்டியது டிமத்தி ஹெவெட் குழுவின் 2005 ஆய்வு. 31 சென்டிமீட்டர் உயரப் பெட்டியிலிருந்து 205 வீராங்கனைகளைக் குதிக்க வைத்து அளந்தார்கள். பின்னர் ஜவ்வு கிழிந்த 9 பேருக்கு, தரையிறங்கும்போதே முழங்கால் சராசரியாக மற்றவர்களைவிட அதிகமாக உட்பக்கம் மடிந்திருந்தது. மடிவது முழங்காலானாலும் அதைத் தள்ளுவது தொடை எலும்பு. பிட்டத் தசை பிடித்து நிறுத்தாவிட்டால் அது உள்நோக்கிச் சாய்ந்து திரும்பும். இந்த விளக்கத்தைப் பரவலாக்கியவர்களில் ஆய்வாளர் கிறிஸ்டோபர் பவர்ஸ் முக்கியமானவர். அவரும் பங்கேற்று 2016இல் வெளியான ஆய்வில், 501 வீரர்களில் பிறர் மோதாமல் ஜவ்வு கிழிந்த 15 பேருக்கு இடுப்பு வலு முன்பே குறைந்திருந்தது தெரிந்தது.

அதே ஆண்டில் நார்வே ஆய்வு ஒன்று இந்த எதிர்பார்ப்புக்குக் கடிவாளம் போட்டது. 710 வீராங்கனைகளைச் சோதித்த ஆய்வில், குதித்து இறங்கும் சோதனையைக் கொண்டு யாருக்குக் காயம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. தரையைத் தொட்டு சுமார் 40 மில்லி விநாடிக்குள் ஜவ்வு கிழிந்துவிடுவதாக அதற்கு முன்பே காணொளி ஆய்வுகள் கணித்திருந்தன. அவ்வளவு குறுகிய நேரத்தில் தசை சுதாரித்துக் காப்பாற்றுவது கடினம். இறங்கும் முன்பே அது தயாராக இருக்க வேண்டும்.

பயிற்சியோ ஆய்வாளர்களின் வழக்கு முடியக் காத்திருக்கவில்லை. ஃபிஃபாவின் ‘11+’ என்ற 20 நிமிட உடல் சூடேற்றத்தில், பக்கவாட்டில் முழங்கை ஊன்றிப் படுத்து இடுப்பை உயர்த்துவதும் முழங்கால் உள்ளே மடியாமல் குதித்து இறங்குவதும் இடம்பெற்றன. நார்வேயில் 13 முதல் 17 வயதுச் சிறுமியரிடம் நடந்து 2008இல் வெளியான சோதனையில், இதைச் செய்தவர்களுக்குக் கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. அதில் இடுப்பின் பங்கு எவ்வளவு என்பதை அந்தச் சோதனை தனியே பிரித்துப் பார்க்கவில்லை.