ஜன்னிக்கு ஊசி - ஒரு குட்டி வரலாறு

கிள்ளை பெரியப்பா நிமோனியாவுல ஐசியூவுக்குப் போன மூணாம் நாள் ராத்திரி. "முழுக்குத்துறையில ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் வந்துட்டாருடா, மாசி மகம், என்னை விடுறா"ன்னு டியூபைப் பிடுங்க ஆரம்பிச்சுட்டார். பெரியம்மா வெலவெலத்துப் போயிட்டாங்க. "ஊசி போட்டுடுங்க டாக்டர்"னு கெஞ்சினது நான்தான். போட்டாங்க. ஹாலோபெரிடால். யாருய்யா இதைக் கண்டுபிடிச்சதுன்னு பிறகு உட்கார்ந்து படிச்சேன்.

காய்ச்சல் முத்திப் பிதற்றினா "ஜன்னி கண்டுடுச்சு"ன்னு நம்ம பாட்டிங்க சொல்வாங்களே, டாக்டர்கள் டெலிரியம்னு சொல்றது கிட்டத்தட்ட அதைத்தான். இது பைத்தியம் இல்லை, பேயும் இல்லை. தொற்று, ஆக்ஸிஜன் குறைவு, சில மருந்துகள், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து மூளையைத் தடுமாற வைக்குது.

மனநோய்க்கு மருந்துங்கிற கதையில நமக்கும் பங்கு உண்டுங்க. 1931ல கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ்னு ரெண்டு பேர் சர்ப்பகந்தா வேர் மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் கேட்குதுன்னு எழுதினாங்க. 1952ல பாரீஸ்ல குளோர்புரோமசின் வந்தது. 1958ல பெல்ஜியத்துல பால் ஜான்சன் குழு வலி மருந்து தேடப் போய், ஹாலோபெரிடாலைக் கண்டுபிடிச்சது. மனநோய்க்குன்னு வந்த மருந்து, ஆளை அடக்குதேன்னு மெல்ல ஐசியூவுக்குள்ளயும் நுழைஞ்சிடுச்சு.

அடக்குது சரி, குணமாக்குதா? பல வருஷம் கழிச்சுத்தான் பெரிய அளவுல சோதிச்சாங்க. 2018ல அமெரிக்காவுல 566 பேர். சிலருக்கு ஹாலோபெரிடால், சிலருக்கு சிப்ராசிடோன், மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. குழப்பம் நீடிச்ச நாட்கள்ல பெரிய வித்தியாசமே இல்லை! 2022ல ஐரோப்பாவுல சுமார் 1000 பேர்கிட்ட சோதிச்சப்பவும், உயிரோட வீட்டுல இருந்த நாட்கள் தெளிவா கூடலை. அதனால இப்போ வழக்கமா எல்லாருக்கும் போட வேண்டாம்ங்கிறாங்க. நோயாளி ரொம்பத் துடிச்சா, தனக்கே ஆபத்து பண்ணிக்குவார்னா, கொஞ்ச நாளைக்கு மட்டும். இதயத் துடிப்பையும் பார்த்துக்கணும்.

அப்போ எதுதான் உதவும்? மூல காரணத்தைச் சரி பண்றது. கூடவே மூக்குக் கண்ணாடி, காது மெஷின், கண்ணுல படுற மாதிரி கடிகாரம், ராத்திரி இருட்டு, சீக்கிரமா எழுப்பி உட்கார வைக்கிறது, தெரிஞ்ச முகம்.

நாலாம் நாள் பெரியம்மாவை உள்ள விட்டாங்க. கண்ணாடியை மாட்டிவிட்டு, "இன்னிக்கு செவ்வாய்க்கிழமைங்க, மகத்துக்கு இன்னும் நாள் இருக்கு"ன்னாங்க. ரெண்டு நாள்ல தெளிஞ்சார். ஊசியா, ஆன்டிபயாடிக்கா, பெரியம்மாவா... சொல்லத் தெரியலை. ஆனா அடுத்த தடவை நான் முதல்ல கேட்கப் போறது ஊசி இல்லை, மூக்குக் கண்ணாடி.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. உங்க வீட்டுல யாருக்காவது இப்படி ஆனா, டாக்டர்கிட்ட காரணம் என்னன்னு கேளுங்க.