ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு

ஊற்றின் பேரையே ஊருக்கு வைத்துக்கொண்டவர்கள் நாங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தண்ணீரூற்றை விட்டுக் கையில் எடுத்ததோடு புத்தளம் வந்து சேர்ந்தோம். கிடுகுக் கொட்டிலில் எங்களுக்குக் கிடைத்தது சவர்த் தண்ணி. கொஞ்ச நாளில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது.

என் தம்பியைத் தூக்கிக்கொண்டு உம்மா போன இடத்தில் 'ஜீவனி' பாக்கெட் முடிந்துபோயிருந்தது. "பாக்கெட் இல்லாட்டி புள்ளைய சாகவா உடுற?" என்று திரும்பி வந்தவ, முகாமுக்கு வந்த மிட்வைப் சொல்லித்தந்ததை நினைவுபடுத்திக்கொண்டா. ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணி, தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினா. சுபஹு நேரம் தம்பி பசிக்குது என்றான்.

அந்தக் கரைசலும் ஓர் அகதி முகாமில் பேர் பெற்றதுதான். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஓடிவந்தோர் இந்திய எல்லையில் பொன்காவோனில் வாந்திபேதியால் மடிந்தார்கள். நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்தபோது, டொக்டர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸும் உப்பும் கலந்த தண்ணீரை உறவினர் கையிலேயே கொடுத்துப் பருக்கச் சொன்னார். 100க்கு 30 அளவில் இருந்த மரணம் 4க்கும் கீழே இறங்கியது.

1980இல் பங்களாதேஷின் 'பிராக்' நிறுவனம் அதை வீடு வீடாகக் கொண்டுபோனது. மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். பத்து வருடத்தில் சுமார் 1 கோடி 20 இலட்சம் வீடுகள். இதில் ஒரு நுட்பம் உண்டு. கற்பித்த பெண்ணின் சம்பளம் எத்தனை வீடு ஏறினாள் என்பதில் இல்லை. பிறகு போய்க் கேட்கும்போது தாய்மார் எவ்வளவு சரியாகச் சொல்கிறார்கள், செய்கிறார்கள் என்பதில் இருந்தது.

சுயசார்பு என்றால் அரசு கைகழுவிவிடலாம் என்று அர்த்தமல்ல. மருந்தும் நல்ல தண்ணீரும் எங்கள் உரிமை. ஆனால் அவை வந்து சேரும்வரை பிள்ளை காத்திருக்காது.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பினோம். போன மாதம் என் மகளிடம் அளவைக் கேட்டேன். "பாமசில வாங்கலாமே வாப்பா" என்றாள். அன்றைக்கே அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போய், உம்மாவின் முன்னால் அவள் கையாலேயே கலக்க வைத்தேன். உம்மா ருசி பார்த்துவிட்டுச் சொன்னா: "கண்ணீரை விட உப்புக் கரிச்சா ஊத்திரு. புள்ளைக்குக் குடுக்காதே."