எல்லாருக்கும் உரிய நாள்

கரிசல் நிலத்தை உழுது போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பது அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மக்களின் பரம்பரை வழக்கம். புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் மழை வரலாம், வராமலும் போகலாம். தவறாமல் வருகிறவை வேறு சில உண்டு: காவல்துறை வாகனங்கள், சாலைச் சோதனைகள், தடையுத்தரவுகள். செப்டம்பர் 11இல் பரமக்குடி, அக்டோபர் 24இல் திருப்பத்தூர், 27இல் காளையார்கோவில், 30இல் கமுதியை அடுத்த பசும்பொன் என்று நினைவு நாள்கள் வரிசையாக வருகின்றன. மறைந்தோரை நினைவுகூரும் நாள்களில் வாழ்வோர் ஒருவரையொருவர் அஞ்சி நடக்கும் நிலை நமக்குப் பழகிப்போய்விட்டது.

இதை எண்ணிப்பார்க்க நம்மைத் தூண்டியவன் ஒரு சிறுவன். ஓர் ஆகஸ்டு 15ஆம் நாள், அன்னையின் விண்ணேற்பு விழாத் திருப்பலி முடிந்து, கொடியேற்றி மிட்டாய் வழங்கியபின், மறைக்கல்விப் பிள்ளைகளை வேப்பமர நிழலில் அமர்த்தி மருது சகோதரர்களின் வரலாற்றைக் கூறினோம். கூர்ந்து கேட்ட ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கையை உயர்த்தினான். "சாமி, அவங்க எங்க ஆளுகளா, அந்தத் தெரு ஆளுகளா?" என்றான். மற்றப் பிள்ளைகளும் விடைக்காகக் காத்திருந்தனர். நாமோ சட்டென்று விடை கூற இயலாமல், மணியடிக்கச் சொல்லி வகுப்பை முடித்துவிட்டோம். அந்த மௌனம் இன்றும் நம்மை உறுத்துகிறது. நாம் அன்று கூறியிருக்க வேண்டிய விடையே இக்கட்டுரை.

பெரிய மருதுவும் சின்ன மருதுவும் நமக்கு அயலூரார் அல்லர். திருச்சுழி வட்டத்தில், நரிக்குடியை அடுத்த முக்குளம் அவர்களுடைய சொந்த ஊர். குண்டாறு பாயும் இதே வறண்ட சீமையில் பிறந்து, சிவகங்கை அரண்மனையில் பணியாளராய்ச் சேர்ந்து, இராணி வேலுநாச்சியார் இழந்த நாட்டை மீட்கத் துணைநின்று, பின்னர் அந்நாட்டையே ஆளும் நிலைக்கு உயர்ந்தவர்கள். சருகணியில் உள்ள நம் தேவாலயத்துக்கு அவர்கள் மானியம் வழங்கினர் என்பது மறைமாவட்டத்து மூத்தோர் அறிந்த செய்தி. அவர்கள் வேறு சமயத்தவர். ஆயினும் தம் குடிமக்கள் தொழும் இடம் எதுவாயினும் அதைக் காப்பது அரசின் கடமை என்று கருதினர்.

1801ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் மாளிகைச் சுவரிலும் திருவரங்கம் கோவில் மதிலிலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. சின்ன மருதுவின் பெயரால் வெளியான அந்த அறிக்கை சிவகங்கைச் சீமையாருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. ஜம்புத்தீவு என்னும் இப்பெருநிலப்பரப்பில் வாழும் அனைவரையும் அது விளித்தது. ஒரு கண்டத்தையே தன் வீடாக எண்ணிய குரல் அது. எழுந்ததோ மழை மறந்த ஒரு மூலையிலிருந்து!

அதில் கூறப்பட்ட கருத்துகளை இன்று படிப்போர் வியப்படைவர். ஐரோப்பியர் நட்பு வேடம் பூண்டு நாட்டைக் கவர்ந்துகொண்டனர் என்று அது சாடுகிறது. நவாபு முகம்மது அலி அறியாமையால் அவர்களுக்கு இடங்கொடுத்தார் என்கிறது. ஆனால் அத்துடன் நின்றுவிடவில்லை. நாட்டு மக்களையே நோக்கித் திரும்பி, உங்களுக்குள் ஒற்றுமை இல்லை, ஒருவரையொருவர் பழித்துக்கொண்டு நாட்டைக் கைநழுவ விட்டீர்கள் என்று இடித்துரைக்கிறது. பகைவனின் குற்றத்தோடு தன்னவரின் குற்றத்தையும் அறிக்கையிடும் துணிவு அதில் இருந்தது. குறையும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நால்வருணத்தாரையும் முஸ்லிம்களையும் பெயர் சொல்லி அழைத்த அந்த விளிப்பில், வருணத்துக்குப் புறம்பே தள்ளப்பட்டோருக்குத் தனிப்பெயர் இல்லை. ஆயினும் அக்காலத்தில் அவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்த அறிக்கை வேறு எத்தனை உண்டு?

அதன்பின் நிகழ்ந்தவை விரைவாய் நிகழ்ந்தன. அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24ஆம் நாள் சகோதரர் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். 1802 பிப்ரவரியில், பிடிபட்டோருள் எழுபதுக்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினர். அவர்களுள் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன். பதினைந்து வயதுப் பிள்ளை. சின்ன மருதுவிடம் ஈட்டியும் வளரியும் எறியக் கற்றவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. தமக்குக் கற்றுத்தந்தவரையே எதிர்த்துப் போரிட நேர்ந்த அவர், 1818இல் பினாங்குக்குச் சென்றபோது தளர்ந்த தோற்றமுடைய ஒருவர் தம்மை நாடி வந்ததையும், அவர்தாம் அந்தத் துரைசாமி என்றறிந்து நெஞ்சு துணுக்குற்றதையும் 1830இல் வெளியான தம் நினைவுக்குறிப்புகளில் பதிந்திருக்கிறார். அப்போது துரைசாமிக்கு முப்பது வயதைச் சற்றே கடந்திருக்கும். நாடுகடத்தல் ஒரு மனிதனை எப்படி முதுமைப்படுத்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி நம் கண்முன் நடந்ததற்கு வருவோம். 1997 இந்திய விடுதலையின் பொன்விழா ஆண்டு. அவ்வாண்டில் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய அரசுப் போக்குவரத்துக் கழகம் அமைக்கப்பட்டு, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. கட்டபொம்மனின் படைத்தளபதியருள் ஒருவர் அவர். 1799இல் பாஞ்சாலங்குறிச்சிப் போரில் வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்குக்குத் தீயிட்டு உயிர் துறந்தார் என்று மரபு கூறுகிறது. தேவேந்திரர் குலத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஒரு சாரார் மறுத்தனர். கலவரம் மூண்டது, உயிர்கள் பலியாயின. அப்போது நாம் குருமடத்தில் இறையியல் பயின்றுகொண்டிருந்தோம். விடுமுறைக்கு வந்த நாம், பேருந்து ஓடாத சாலையில் கைப்பெட்டியைத் தலையில் சுமந்து ஊருக்கு நடந்தோம். வழியில் ஒருவரும் நம்மிடம் பேசவில்லை. முடிவில் 1997 ஜூலையில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. 1985 முதல் காமராஜர் பெயரைத் தாங்கியிருந்த நம் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று.

நாட்டுக்காக உயிர்விட்ட ஒருவரின் பெயரைப் பேருந்தில் தாங்க இயலாத நாம், விடுதலையின் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடினோம். எல்லாப் பெயர்களையும் அழித்ததால் அமைதி திரும்பியது, நீதி திரும்பியதா?

இத்தகைய பிளவின் கோடியை ஆப்பிரிக்கா கண்டிருக்கிறது. ருவாண்டாவை ஆண்ட பெல்ஜியர் 1930களில் ஒவ்வொருவரின் அடையாள அட்டையிலும் ஹூட்டு, டுட்சி என்று எழுதிவைத்தனர். 1962 ஜூலை 1இல் நாடு விடுதலை பெற்றது, அட்டை மாறவில்லை. 1994 ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ நூறு நாள்களில் எட்டு இலட்சம் மக்கள் கொல்லப்பட்டனர். பெரும்பான்மையோர் கத்தோலிக்கரான நாடு அது. அடைக்கலம் தேடி ஆலயங்களுக்குள் புகுந்தோர் ஆலயங்களுக்குள்ளேயே வெட்டப்பட்டனர். 2017 மார்ச் மாதம் திருத்தந்தை பிரான்சிஸ், திருச்சபையும் அதன் உறுப்பினரும் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அந்நியன் கோடு கிழித்தான் என்பது உண்மை. அவன் போனபின் அக்கோட்டைக் காத்தவர் யார் என்ற கேள்வியும் உண்மை.

நம் மண்ணிலோ அக்கோடு அந்நியன் வருமுன்பே இருந்தது. தலைமுறை தலைமுறையாய் அதை அழியாமல் காத்துவந்தவர்கள் நாமே. இதில் திருச்சபைக்கும் பங்குண்டு. ஒரே நற்கருணையை உண்டவர்களைத் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்த பங்குகள் தமிழகத்தில் உண்டு. பாதுகாவலர் திருவிழாவில் தேர் எந்தத் தெருவுக்குப் போகலாம், எந்தத் தெருவுக்குப் போகலாகாது என்ற வழக்கில் ஊர் இரண்டுபட்டதை நம் பணிக்காலத்திலேயே கண்டிருக்கிறோம். அவ்வேளையில் 'வழக்கத்தை மாற்ற வேண்டாம்' என்று கூறி நாமும் ஒதுங்கிக்கொண்டோம். அந்தப் பையனுக்கு விடை கூறத் தயங்கிய நாவும் இதே நாவுதான்.

விவிலியம் நினைவு நாளை வேறு விதமாகக் காண்கிறது. லேவியர் நூல் விதிக்கும் ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலியில், எக்காளம் ஒலித்ததும் அடிமை விடுதலை பெற வேண்டும். இழந்த நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும். நினைவுகூர்தல் என்பது உறவைச் சீர்செய்தல் என்பதே அதன் பொருள். ஆண்டவரின் நினைவாக நாம் நிறைவேற்றும் திருப்பலியும் வெற்றி முழக்கத்தோடு தொடங்குவதில்லை; பாவ அறிக்கையோடு தொடங்குகிறது.

யாரும் கொண்டாடாத நினைவும் ஒன்று நம்மிடம் உண்டு. 1877 ஜனவரி 1ஆம் நாள், விக்டோரியா இந்தியாவின் பேரரசி ஆனதைத் தில்லியில் பெருவிருந்தோடு விழாவாக்கினர். அதே மாதங்களில் தென்னகம் தாது வருடப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. நிவாரணப் பணியில் கல்லுடைத்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று விதித்தனர். பசி எவர் வீட்டுக் கதவையும் குலம் கேட்டுத் தட்டவில்லை. அப்பஞ்சத்துக்கு நம் ஊர்களில் விழா இல்லை, கொடி இல்லை. எல்லாருக்கும் உரியது என்பதாலேயே அது யாருக்கும் உரியதல்லாமல் போயிற்று.

ஆகவே அன்பர்களே, வரும் ஜூன் 16ஆம் நாளை நம் பங்கின் எல்லாத் தெருப் பிள்ளைகளோடும் நரிக்குடிக்குச் சென்று கழிக்க எண்ணியுள்ளோம். மாலை வேண்டாம், கொடி வேண்டாம். அந்த அறிக்கையை அங்கே உரக்க வாசிப்போம். அதில் விடுபட்டுப்போன மக்களின் பெயரையும் சேர்த்து வாசிப்போம். அந்தப் பையனை நம் அருகில் நிறுத்தி, அன்று கூறாத விடையைக் கூறுவோம்: "தம்பி, அவங்க உன் ஆளுகதான். அந்தத் தெரு ஆளுகளும் அவங்கதான்."

இதைக் கூறும் உரிமை நமக்கு வேண்டுமானால், அதற்கு முன் நம் பங்கின் தேர் எல்லாத் தெருக்களுக்கும் போயிருக்க வேண்டும். அதற்கான பேச்சை இவ்வாரமே தொடங்குகிறோம்.