கைப்பழக்க அச்சமும் கைப்பேசிப் பழக்கமும்

விந்து வீணானால் மூளை வற்றும், ஞாபகசக்தி போய்விடும் என்ற அச்சம் தமிழ்நாட்டில் மிகப் பழையது. சித்த மருத்துவம் உடலை ஏழு தாதுக்களாகப் பகுக்கிறது. ஆறாவது எலும்புக்குள் இருக்கும் மூளை, ஏழாவது சுக்கிலம், அதாவது விந்து. உண்ட சோறு ஒவ்வொரு தாதுவாக மாறிக் கடைசியில் சுக்கிலமாகிறது என்பதால், அதை இழப்பது மற்ற ஆறையும் இழப்பது என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பாவிலும் இதே கதைதான். சுவிஸ் மருத்துவர் திஸ்ஸோ 1760இல் வெளியிட்ட நூல் சுயஇன்பத்தின் விளைவுகளில் நினைவிழப்பையும் சேர்த்தது. அடுத்த நூறாண்டுக்கு மேல் மருத்துவர்களே அதை நம்பினார்கள்.

20ஆம் நூற்றாண்டில் இந்த அச்சம் ஒரு தொழிலாயிற்று. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் மாதம் ஒரு நாள் அறை எடுக்கும் வைத்தியர், எந்த ஊரில் எந்தத் தேதி என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பார். இளமையில் செய்த தவறு, சொப்பன ஸ்கலிதம், நரம்புத் தளர்ச்சி, ஞாபக மறதி ஆகிய நான்கையும் ஒரே மூச்சில் அடுக்கும் வாசகங்கள் சுவரெங்கும் இருந்தன. படிக்கும் பையன் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் காரணம் தன் கைப்பழக்கமே என்று முடிவுகட்ட அதுவே போதும். லேகியமும் பஸ்பமும் விற்றன. பாலியல் வலிமைக்கு மருந்து என விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்தும் விளம்பரங்கள் நிற்கவில்லை.

வேலூரில் இந்த அச்சத்துக்கு வேறொரு வழியும் இருந்தது. கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது. கனடாவிலிருந்து வந்த ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அதை நிறுவினார். நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறை அங்கே வேரூன்றியது. அதே காலத்தில், 1960இல், மனநல மருத்துவர் என்.என்.விக், விந்திழப்பு அச்சத்தால் வரும் சோர்வுக்கும் உடல்வலிக்கும் 'தாது நோய்க்குறி' என்று பெயரிட்டார். உடலைக் கெடுத்தது விந்திழப்பல்ல, அச்சமே என்பது மருத்துவத்தில் நிலைபெற்றது.

2016க்குப் பின் மலிவான இணையம் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்களுக்கும் ஷூ கம்பெனி இளைஞர்களின் கைக்கும் வந்தது. 2018இல் அரசு 827 ஆபாசத் தளங்களை முடக்க உத்தரவிட்டும் ஆபாசப் படம் பார்க்கும் பழக்கம் நிற்கவில்லை. இப்போது பழைய அச்சம் மூளை அறிவியலின் உடையில் திரும்பியிருக்கிறது. ஆய்வுகள் சொல்வது அதைவிடக் குறைவு. 2013இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில் 28 ஆண்களுக்குப் படங்கள் ஒவ்வொன்றாகக் காட்டப்பட்டன. திரையில் இருப்பது நான்கு படங்களுக்கு முன் வந்ததுதானா என்று அவர்கள் சொல்ல வேண்டும். ஆபாசப் படங்கள் வந்தபோது அதிகம் தடுமாறினார்கள். அந்த நேரத்தில் கவனம் சிதறுகிறது என்பதற்கு இது சான்று. நினைவாற்றல் நிரந்தரமாக அழிகிறது என்பதற்கு அல்ல. 2014இல் பெர்லினில் 64 ஆண்களிடம் நடந்த ஆய்வு, அதிக நேரம் பார்ப்பவர்களின் மூளையில் ஒரு பகுதி சற்றுச் சிறிதாக இருப்பதைக் கண்டது. பார்த்ததால் சிறுத்ததா, சிறிதாக இருந்ததால் அதிகம் பார்த்தார்களா என்பதை அதைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. மூளை சுருங்கும் என்று இதை வைத்து மிரட்டுவது லாட்ஜ் வைத்தியரின் பழைய வேலைதான்.

கண்ணெதிரே தெரியும் கேடு தூக்கமின்மை. அன்று கற்றது மனதில் நிலைத்துப் பதிய உறக்கம் தேவை. நள்ளிரவு தாண்டித் திரையைப் பார்ப்பவருக்கு மறுநாள் படிப்பிலும் வேலையிலும் மறதி வருவதில் வியப்பில்லை.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய்ப்பட்டியல், கட்டுக்கடங்காத பாலியல் நடத்தையை ஒரு கோளாறாக ஏற்கிறது. நிறுத்த முயன்றும் முடியாமல், வாழ்க்கையும் பொறுப்புகளும் கெடும் நிலை மாதக்கணக்கில் நீடித்தால்தான் அது நோய். தவறு செய்துவிட்டோம் என்ற குற்றவுணர்வு மட்டும் நோயாகாது. இந்தக் கோளாறுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் தொழில்நுட்பப் பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவு 2014 முதல் இயங்குகிறது. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.